உதடு சொன்ன சாட்சி

அத்தியாயம் 11

ஃபிட்டரின் உதடு அசைந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். அது இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கதை இதுதான். நெசவு மில்லில், பாவு நூலுக்குப் பசை ஏற்றும் உருளை மெஷினுக்குள் படுத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார் ஃபிட்டர். மெஷின் திடீரென்று ஓடத் தொடங்கி அவரைச் சட்டையோடு சுருட்டி இழுத்துவிட்டது. உயிர் தப்பியது, குரல்வளை நசுங்கியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேல் வரை கட்டு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது.

மில் நிர்வாகமோ வேறு கதை சொல்கிறது. மெஷினுக்குள் இறங்குகிறவர் ஸ்விட்சில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும், அது தொங்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. அந்த அட்டையை ஃபிட்டரே கழற்றிவிட்டு, ஓடுகிற மெஷினில் தலையைக் கொடுத்தாராம். அதனால் நஷ்டஈடு கிடையாதாம். இதற்குச் சாட்சி சொன்னவன், அன்று அந்த மெஷினின் ஸ்விட்ச் பக்கம் வேலை பார்த்த அவருடைய கூடப்பிறந்த தம்பி, வீட்டில் சின்னவன். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு முட்டிய கதை என்பார்கள். இங்கே முட்டிய மாடு சொந்தத் தொழுவத்து மாடு.

ஃபிட்டரின் மனைவி அதே மில்லில் தறி ஓட்டுகிறவள். தறிக்காரி என்றால்தான் மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை அவள் வார்டுக்குள் நுழைந்தபோது நர்ஸ் கட்டிலருகே குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"உதடு அசையறதைப் பாத்து ஏமாந்துடாதீங்கம்மா. நரம்புத் துடிப்பு, அவ்வளவுதான். பேச்சு எல்லாம் இல்ல."

தறிக்காரி தலையாட்டினாள். நர்ஸ் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நர்ஸின் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். தறிக் கூடத்தின் இரைச்சல் அவளுடைய காதில் பாதியை எப்போதோ தின்றுவிட்டது. வயசானா அப்படித்தான் என்று மில் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

காது போனால் என்ன, கண் இருந்தது. தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. தறிக் கூடத்தில் மூடியே தேவையில்லை. சத்தமில்லாமலே யார் வீட்டுச் சண்டையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்து ஆளிடம் சின்ன வாய், தூரத்து ஆளிடம் பெரிய வாய். அவ்வளவுதான் இலக்கணம்.

ஃபிட்டர் இப்போது பேசிக்கொண்டிருந்தது பெரிய வாய்.

கட்டிலை ஒட்டி அவள் நிற்கிறாள். அவரோ அவளைத் தாண்டி, நெடுந்தூரத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசுவதுபோல வாயை அகல விரித்து விரித்துப் பேசினார்.

"இரு. நான் இன்னும் வெளிய வரல."

அவள் திரும்பிப் பார்த்தாள். வார்டின் கோடியில் ஒரு கதவு, மூடியிருந்தது. யாரும் இல்லை.

"இரு. இரு. நான் இன்னும் வெளிய வரல."

அவருடைய பார்வைக்குக் குறுக்கே போய் நின்றாள். அவர் கண்கள் அவள் மேல் நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்ப்பதுபோல அவளுக்கு அப்பால் பார்த்தன. பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தின மனுஷன் தன்னை ஊடுருவி வேறு யாரையோ பார்க்கிறான் என்றால் எந்தப் பெண்ணுக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் பயத்துக்கு நடுவிலும் அவள் புத்தி வேலை செய்தது. வெளியே வரவில்லை என்கிறார். அப்படியானால் அட்டையைக் கழற்றியது அவரில்லை. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருவன்தான், சின்னவன்.

வராந்தா பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மகனின் கட்டிலருகே போகவே அவளுக்குப் பயம்.

"அந்த வாயைப் பாக்க முடியல மூத்தவளே. அவன் பேசற மாதிரியே இல்ல. அவன் வாயை வேற யாரோ கடன் வாங்கிப் பேசற மாதிரி இருக்கு."

"அவருதான் பேசறாரு அத்தை. இரு, நான் இன்னும் வெளிய வரலன்னு சொல்றாரு."

"யாருகிட்ட?"

தறிக்காரி மாமியாரின் கண்ணையே பார்த்தாள். மாமியார் படிக்காதவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்மா. ஒருத்தன் இப்படிக் கிடக்கான். இன்னொருத்தனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யாரு மூஞ்சில முழிப்பேன்? ரெண்டு கண்ணுல எதைக் குத்திக்கச் சொல்றே?"

"அதுக்காக செய்யாத தப்பை இவரு தலையில கட்டணுமா? இவரு இனிமே ஒரு ஸ்பேனரைத் தூக்கப் போறதில்ல அத்தை. காலத்துக்கும் குழாய், மருந்து, பக்கத்துலயே ஒரு ஆளு. நான் தறிக்குப் போனா இவரை யாரு பாப்பா? நஷ்டஈடு வந்தாத்தான் இவரை வீட்டுக்கே கூட்டிட்டுப் போக முடியும்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தறிக்காரிக்கும் அழுகை வந்தது. ஆனால் நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி அன்று மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அழுவதற்கு நேரமில்லை.

சின்னவன் ஃபிளாஸ்கில் டீயோடு வந்தான். விபத்து நடந்ததிலிருந்து தினமும் வருகிறான், வார்டு வாசலோடு திரும்பிவிடுவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"உள்ள வா தம்பி" என்று கூப்பிட்டாள். மாமியாரும் பின்னாலேயே வந்துவிட்டாள். சின்னவன் கால்மாட்டில் வந்து நின்றதும் ஃபிட்டரின் உதடு சட்டென்று நின்றது. கண்கள் தம்பியின் மேல் ஆணி அடித்ததுபோல் நிலைத்தன.

மாமியாரை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. தறிக்காரி சத்தத்தை விழுங்கிவிட்டு உதட்டால் கேட்டாள்.

"அட்டையைக் கழட்டினது யாரு?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். தறிக் கூடத்தில் தலை குனிவது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். அவள் கட்டில் கம்பியைத் தட்டினாள். கம்பியைப் பிடித்திருந்த கைக்கு அதிர்வு தெரிந்து நிமிர்ந்தான்.

"நான்தான்."

"அவரு வெளிய வர்றதுக்கு முன்னாடியேவா?"

"வந்துட்டாருன்னு நினைச்சேன்."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டையை மாட்டினவர்தான் கழற்ற வேண்டும் என்பது சுவரில் எழுதியிருந்த விதி. நடைமுறை வேறு. ஃபிட்டர் மெஷினின் பின்பக்கமாக வெளியே வந்தால், ஸ்விட்சுக்குப் போகக் கூடத்தையே சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் கோடி வாசலில் நின்றபடியே "முடிஞ்சுது, போடு" என்று பெரிய வாயில் சொல்வார். இந்தப் பக்கம் நிற்பவர் அட்டையைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டுவிடுவார். மேனேஜருக்கும் தெரியும். நேரம் மிச்சமாகிறது என்று அவருக்குச் சந்தோஷம்தான். தறிக்காரியே பல தடவை போட்டிருக்கிறாள்.

"அவரு போடுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"உள்ள படுத்திருந்தவரு எப்படிடா சொல்லுவாரு?"

சின்னவனின் உதடு நடுங்கியது. படிக்கவே சிரமமாக இருந்தது.

"வெளிய நின்னாரு அண்ணி. கோடி வாசல்ல. அதே நீலச் சட்டை. கையைத் துடைச்சுக்கிட்டே நின்னாரு. என் மூஞ்சியைப் பாத்து, முடிஞ்சுது, போடுன்னாரு. கழட்டினேன். போட்டேன். போட்டதும் உருளைக்குள்ள அதே நீலச் சட்டை சுத்திக்கிட்டுப் போச்சு. பதறி நிமிந்து பாத்தேன். வாசல்ல அண்ணன் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு."

அவளுக்கு முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது.

"இதை எப்படி வெளிய சொல்றது? பைத்தியம்னு துரத்துவாங்க. கொலைக் கேஸாயிடும், அண்ணனே கழட்டினாருன்னு சொல்லிடுன்னு மேனேஜர் சொன்னாரு. சொல்லிட்டேன்."

"என்னடி இது, ரெண்டு பேரும் தொட்டி மீனு மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறீங்க?" என்றாள் மாமியார்.

அடிப்பதா, நம்புவதா என்று தெரியாமல் தறிக்காரி கொழுந்தனையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. கண்ணுக்குக் கீழே கருவளையம், கண்ணுக்குள் சிவப்பு. திடீரென்று ஒன்று தோன்றியது.

"அன்னிக்கு நீ எப்போ தூங்கின?"

"தூங்கல. மாத்தாளு வரல. மூணு ஷிஃப்ட் ஒண்ணாப் பாத்தேன்."

"யாரு இருக்கச் சொன்னது?"

"மேனேஜர்தான். போனா திரும்பி வராதேன்னாரு."

அவளுக்கு மூச்சு வந்தது. தூக்கமில்லாத கண்ணின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா? இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து ஓட்டிய ஒரு நாள், தறிக்கடியில் தண்ணீர் ஓடுகிறது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவள் அவள். கூடமே சிரித்தது, சத்தமில்லாமல்.

"அது உங்க அண்ணன் இல்ல தம்பி. தூக்கம் கெட்டா அப்படித்தான் தெரியும். இதை அப்படியே அதிகாரிகிட்ட சொல்லு. உன்னை மூணு ஷிஃப்ட் நிக்க வெச்சவன் பதில் சொல்லட்டும்."

"பயமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான். ஆனா இனிமே உன் வாயில ஒரு பொய் வரக் கூடாது. அவரு காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

சின்னவன் குனிந்து அண்ணனின் பாதத்தைத் தொட்டான். அப்போதுதான் தறிக்காரி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவர் கண்கள் அவள் உதட்டிலிருந்து தம்பியின் உதட்டுக்கும், மறுபடி அவள் உதட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவருக்கும் படிக்கத் தெரியும் என்பதை இரண்டு பேரும் மறந்தே போயிருந்தார்கள்.

அதிகாரி வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தோளில் பை, நெற்றியில் வியர்வை, வாரத்தில் நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிற களைப்பு. ஆனால் கெட்டவர் இல்லை.

"உதட்டைப் பாத்தே படிப்பேன்னு சொல்றீங்க. நான் எப்படிம்மா நம்பறது?"

"சோதிச்சுப் பாருங்க."

அவர் வார்டின் மறு கோடிக்குப் போய், சுவரோரம் நின்று, சத்தமில்லாமல் வாயை அசைத்தார். தறிக்காரி இங்கிருந்தே உரக்கச் சொன்னாள்:

"வீட்டுல கோவிச்சுக்கிட்டு சமைக்கல, காலையில இருந்து பட்டினி. அப்படித்தானே சார்?"

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். காதோரம் சிவந்திருந்தது.

"நம்பறேன். ஆனா ஒண்ணு. அவரு என்ன சொன்னாலும் அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"எனக்கும் படிக்கத் தெரியும் சார்" என்றான் சின்னவன். "முதல்ல நான் பேசிடறேன்."

பேசினான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அட்டையைக் கழற்றியதைச் சொன்னான். மேனேஜர் மிரட்டியதைச் சொன்னான். மூன்று ஷிஃப்ட்டைச் சொன்னான். கோடி வாசலில் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். மாமியார் அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள். நெஞ்சில் கை வைத்தபடி சின்னவனின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். நிமிர்ந்து சின்னவனைப் பார்த்தார்.

"தூங்காத கண்ணு இல்லாததை எல்லாம் காட்டும் தம்பி. இதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கேன். மூணு ஷிஃப்ட் நிக்க வெச்சது மில்லு. அதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும்."

"என் புள்ளையை உள்ள போட்டுருவாங்களா?" என்றாள் மாமியார்.

"அந்த விசாரணை என் கையில இல்லம்மா. ஆனா இவ்வளவையும் தானா முன்வந்து சொல்லியிருக்காருன்னு எழுதறேன். நஷ்டஈட்டைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான். மெஷினுக்குள்ள இருந்தவரே அட்டையைக் கழட்டியிருந்தாலோ, கழட்டிப் போடச் சொல்லியிருந்தாலோதான் சிக்கல். ரெண்டும் இல்லன்னா நஷ்டஈடு கிடைச்சுடும்."

தறிக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் மனசிலிருந்து பாரம் இறங்கியது. வீட்டில் எந்த மூலையில் கட்டிலைப் போடலாம், வெளிச்சம் எங்கே நன்றாக வரும் என்றெல்லாம் அந்த நிமிஷமே மனம் ஓடியது. ஆசை என்பது அப்படித்தான், கதவைத் திறந்தால் போதும், பாயை விரித்துப் படுத்துவிடும்.

"கடைசியா இவருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று அதிகாரி கட்டில் பக்கம் குனிந்தார். "ஐயா, உங்க தம்பி சொன்னதைக் கேட்டீங்களா? நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஃபிட்டர் அதிகாரியைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். உதடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி அசைந்தது.

"நீ பாத்தது நிஜம்டா. வாசல்ல நான்தான் நின்னேன். உள்ள படுத்திருந்தவனும் நான்தான். அவன் இரு இருன்னு கத்தினான். நான் கேக்கல. போடுன்னு சொன்னது நான்தான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

சின்னவன் அப்படியே சுவரில் சாய்ந்தான். தறிக்காரிக்கு அந்த வார்டே தறிக் கூடமாகி, எல்லாச் சத்தமும் அடைத்துக்கொண்டு போனது. அவர் தூக்கமில்லாதவர் இல்லை. விபத்து நடந்த அன்று காலைதான், நன்றாகத் தூங்கி எழுந்து, முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போனார். அவளே வழியனுப்பி வைத்தாள்.

நடந்தது என்னவோ, அது அப்புறம். மயக்க மருந்தில் பேசுகிறாரோ, தம்பியைக் காப்பாற்றப் பேசுகிறாரோ, இல்லை நினைக்கவே கூடாத வேறு ஏதாவதோ. எதுவானாலும் போடுன்னு சொன்னது நான்தான் என்று அந்த வாய் சொல்லிவிட்டது. இதை அப்படியே சொன்னால் கட்டிலும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

"என்ன சொல்றாரும்மா?" என்று அதிகாரி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"தண்ணி கேக்கறாரு சார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

நர்ஸ் ஓடிவந்தாள். குடிக்கக் கொடுக்க முடியாது என்பதால் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றினாள். ஃபிட்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடி ஒற்றினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது.

"வேண்டாங்கறாரே" என்றாள் நர்ஸ்.

அதிகாரி தறிக்காரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. பிறகு மெல்ல சின்னவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கும் படிக்கத் தெரியும்னு சொன்னீங்க. நீங்க சொல்லுங்க. அண்ணன் என்ன சொன்னாரு?"

மாமியார் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தறிக்காரி கொழுந்தனைப் பார்த்து உதட்டை அசைக்க நினைத்தாள். ஆனால் என்னவென்று அசைப்பது? காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னவளே அவள்தானே!

சின்னவன் அண்ணியைப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான்.